காம்பில் சிவப்பு மெழுகு

கேள்வி: பிரான்ஸில் ஒரு பேரிக்காயின் காம்பில் சிவப்பு மெழுகு வைத்து விற்கிறார்களாமே, எதற்கு?

பதில்: உள்ளே இருக்கும் சாறு தப்பி ஓடாமலிருக்கப் போட்ட பூட்டு அது! அந்தப் பேரிக்காய்க்கு ‘பாஸ் கிராஸான்’ என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில், நார்மண்டியின் ருவான் நகரில் புவாபுனெல் என்ற நாற்றுப் பண்ணைக்காரர் விதையிலிருந்து வளர்த்தெடுத்த ரகம். இலையுதிர் காலத்தில் பறிக்கும்போது வெறும் கல். அதன் பிடிவாதம் அபாரமானது. பறித்த கையோடு வீட்டில் வைத்தால் ஒழுங்காகக் கனியவே கனியாது. பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டிய குளிரில் ஏறக்குறைய 3 மாதம் கிடந்தால்தான், பழுக்க வைக்கும் எத்திலீன் வாயு அதற்குள் சுரக்கத் தொடங்கும். அத்தனை நாளில் காம்பு வழியாக ஈரம் போய்ப் பழம் சுருங்கிவிடாதா? அதற்குத்தான் மெழுகு.

பருத்த உருண்டை, தடித்த தோல், லேசாக நறநறக்கும் சதை. அழகுப் போட்டியில் தோற்கும். கடித்தால் இனிப்பும் புளிப்புமாகச் சாறு முழங்கை வரை வழியும். குளிர்காலப் பழங்களில் என் ஓட்டு இதற்கே. ஆனால் பருவம் தப்பி மறுபடி பூக்கிற வழக்கம் இதற்கு உண்டு; அந்தப் பூ வழியாக பாக்டீரியா கருகல் நோய் எளிதில் புகுந்துவிடும். அதனால் பிரான்ஸில் புதிதாக நடவே தடை போட்டார்கள். கிடைத்தால் விடாதீர்கள்!