லீடர்

தமிழ்நாட்டு உயர்நிலைப் பள்ளியில் மாணவர் தலைமையின் அடிப்படைப் பதவி வகுப்புத் தலைவர், வழக்கில் ‘லீடர்’. தேர்தல் அரிது. பள்ளி திறந்த முதல் வாரத்தில் வகுப்பாசிரியர் பார்வையை ஒருமுறை ஓட்டுவார். முதல் மதிப்பெண், நல்ல கையெழுத்து, உயரம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று கண்ணில் பட்டால் நியமனம் முடிந்தது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டு ஊர்ச்சபை உறுப்பினர் தேர்வில் இவ்வளவு தாராளம் காட்டவில்லை: வயது 35 முதல் 70 வரை, சொந்த நிலம், சொந்த மனையில் வீடு வேண்டும்; முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் நிற்கவே முடியாது. குடத்திலிருந்து ஓலை எடுப்பது மட்டும் சிறுவன் வேலை. இந்தக் குடவோலை முறை பற்றிய பாடம் நடக்கும் வகுப்பிலேயே தலைவர் நியமனத்தில் வந்தது ஏன் என்று எவரும் கேட்பதில்லை. கேட்டால் பெயர் கரும்பலகைக்குப் போகும்.

அதிகாரத்தின் இருப்பிடம் அந்தக் கரும்பலகைதான். ஆசிரியர் வராத பாடவேளையில் பேசியவர் பெயரை எழுதுவது தலைவரின் முதற்கடமை. மீண்டும் பேசினால் பெயருக்கு அருகே ஒரு பெருக்கல் குறி சேரும். நண்பர்கள் பேசினால் காதில் விழாது; கடலைமிட்டாய் கொடுத்தவர் பெயர் அழிபடும். எழுதும்போது தலைவரும் பேசுவார், ஆனால் அது நிர்வாகம். சாக்பீஸ் வாங்கிவருதல், நோட்டுக்கட்டுகளை ஆசிரியர் அறைக்குச் சுமத்தல் ஆகியவை உபரிப் பணிகள்.

வகுப்புத் தலைவர்களுக்கெல்லாம் மேலே பள்ளி மாணவர் தலைவர். காலை வழிபாட்டில் ‘அட்டென்ஷன்’ சொல்லும் குரல் இவருடையது. குரல் உடையும் வயது என்பதால் கட்டளை இரண்டு சுருதியில் வரும்.

துணைத் தலைவர் பதவியும் உண்டு. தலைவருக்குக் காய்ச்சல் வந்தால் அது செயல்படும்.