குறி தவறாத ரப்பர்

தேர்வு முடிவுகளை அலசுகிறவர்கள் வழக்கமாக மதிப்பெண்ணைத்தான் பார்ப்பார்கள். அமெரிக்காவின் அட்லாண்டா பொதுப்பள்ளி மாவட்டத்தில் ரப்பரையும் பார்க்க வேண்டியதாயிற்று.

அங்கே மதிப்பெண் ஏறிக்கொண்டே போனது. 2009இல் அந்தப் பள்ளி மாவட்டத்தின் தலைமை நிர்வாகியான கண்காணிப்பாளர் பெவர்லி ஹாலுக்கு நாட்டின் சிறந்த கண்காணிப்பாளர் விருதும் கிடைத்தது. அதே ஆண்டின் விடைத்தாள்களைத்தான் பிறகு துருவினார்கள். பென்சிலால் வட்டத்தைக் கறுப்பாக்கும் தாள் அது. அழித்தாலும் சாம்பல் தடம் தங்கும். திருத்தும் இயந்திரம் அதையும் படித்துவிடும். பிள்ளைகள் அழித்து எழுதுவது புதிதல்ல. ஆனால் பிள்ளை அழித்தால் சரி தவறாகும், ஒரு தவறு இன்னொரு தவறாகும், சரியும் ஆகும். இங்கோ வகுப்பு வகுப்பாகத் தவறுகள் சரியாகவே மாறியிருந்தன. இப்படிப்பட்ட ரப்பரை எந்தக் கடையில் வாங்கினார்களோ!

2011இல் வந்த விசாரணை அறிக்கை விலாசம் சொன்னது: ஆராய்ந்த 56 பள்ளிகளில் 44இல் முறைகேடு, ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேருக்குத் தொடர்பு. வார இறுதியில் ஒருவர் வீட்டில் கூடி உட்கார்ந்து திருத்தியவர்களும் உண்டு. (வீட்டுப்பாடம் என்றால் இதுதான் போலிருக்கிறது.) இலக்கை எட்டாவிட்டால் வேலைக்கு ஆபத்து, எட்டினால் போனஸ். பிள்ளைக்கு வாசிக்க வருகிறதா என்று கேட்கத்தான் ஒருவருக்கும் நேரமில்லை.

2015இல் 11 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. அதுவும் ரௌடிக் கும்பல்களை ஒடுக்கப் போட்ட சட்டத்தின் கீழ்.