நடுநிலை அண்ணாச்சி

"நான் எந்தக் கட்சியும் கிடையாது தம்பி, நியாயத்தப் பேசுதேன்" என்றுதான் டீக்கடை பெஞ்சில் அண்ணாச்சி ஆரம்பிப்பார். அந்த நியாயம் நாற்பது வருஷமாக ஒரே சின்னத்தில்தான் குத்திக்கொண்டிருக்கிறது.

பேப்பர் வந்ததும் அவர் தேடுவது பொதுக்கூட்டப் படத்தை. தன் கட்சிக் கூட்டம் என்றால் எள் போட்டால் எள் விழாது. அடுத்த கட்சிக் கூட்டம் என்றால் மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி, பின்வரிசைக் காலி நாற்காலிகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவார். உட்கார்ந்திருப்பவர்கள்? "எல்லாம் துட்டும் பிரியாணியும் குடுத்து லாரியில ஏத்திட்டு வந்தது!"

தெருவில் மழைத் தண்ணீர் நின்றால், தன் கட்சி ஆட்சியில் அது இயற்கையின் சீற்றம். மற்றவர் ஆட்சியில் நிர்வாகச் சீர்கேடு. பஸ் கட்டணம் ஏறினால், இங்கே நிர்ப்பந்தம், அங்கே பகல்கொள்ளை. 2014 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 37-ஐப் பிடித்தபோது அவருக்கு அது பணநாயகம். 2024-ல் தி.மு.க. கூட்டணி 39-ஐயும் அள்ளியபோது அப்பழுக்கற்ற ஜனநாயகம். எதிர் பெஞ்சுக்காரருக்கு இதையே தலைகீழாக வாசித்துக்கொள்ளலாம்.

இருவருக்கும் சோதனைக் காலம் 1999. அந்த ஏப்ரலில் அ.தி.மு.க. ஆதரவை விலக்கிக்கொள்ள, வாஜ்பாய் அரசு ஒரே ஒரு ஓட்டில் கவிழ்ந்தது. அடுத்து வந்த தேர்தலில் பா.ஜ.க.வோடு கைகோத்தது தி.மு.க. அதுவரை 'மதவாதக் கூட்டணி' என்று பெஞ்சைத் தட்டிக்கொண்டிருந்த அண்ணாச்சி, 'நிலையான ஆட்சி' என்று தட்ட ஆரம்பித்தார். அவர் கீழே வைத்த 'மதவாத'த்தை எதிர் பெஞ்சுக்காரர் எடுத்துக்கொண்டார். ஒரு வார்த்தைகூட வீணாகவில்லை.

நடுவில் யாராவது பழசைக் கிளறினால் தீர்ந்தது. முகம் சிவக்கும், கழுத்து நரம்பு புடைக்கும், கையில் இருக்கும் டீ ஆறி ஆடை படியும். பதில் மட்டும் ஒன்றே ஒன்றுதான்: "அப்போ நீ அந்தக் கட்சிதானலே?"

அண்ணாச்சியைத் திருத்தப் பார்க்காதீர்கள். தேர்தல் கமிஷனாலேயே ஆகாத காரியம். உங்கள் தெருவிலும் இப்படி ஒருவர் கட்டாயம் இருப்பார். யாரென்று டீக்கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் உங்களைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தால், மேற்கொண்டு எதுவும் கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.