ஜோன்ஸ் என்னும் பெயரின் மூன்று அவஸ்தைகள்

உலகத்தில் சில பெயர்கள் மனிதரைக் குறிப்பதோடு திருப்தியடைந்து, சுமந்தவர் காலமானதும் தாமும் ஓய்ந்துவிடுகின்றன; வேறு சில பெயர்களோ, அத்தொழிலில் அலுப்புத் தட்டியதாலோ என்னவோ, மெல்ல நழுவி அகராதிக்குள் புகுந்து, தமக்குச் சம்பந்தமே இல்லாத அர்த்தங்களையெல்லாம் தாங்கிக்கொண்டு நிற்கின்றன. இவ்விரண்டாம் வகைக்குச் சிரேஷ்டமான உதாரணம் ஜோன்ஸ் என்னும் குடிப்பெயராகும்.

இப்பெயர் மலிந்த தேசம் வேல்ஸ். ஜானின் மகன் என்பதற்குமேல் இதில் தத்துவார்த்தம் ஒன்றுமில்லை. முற்காலத்து வேல்ஸ் மக்கள் நம்மவரைப் போலவே தகப்பனார் பெயரைத் தம் பெயரோடு சேர்த்து, தலைமுறைக்குத் தலைமுறை மாற்றிக்கொண்டு சுகமாக வாழ்ந்துவந்தனர். எட்டாம் ஹென்றி மன்னன் 1536-ஆம் ஆண்டில் அந்நாட்டை இங்கிலாந்தோடு பிணைத்துச் சட்டம் செய்த பின்னர், மாறாத குடிப்பெயர் வைத்துக்கொள்ளும் ஆங்கில வழக்கம் படிப்படியாகப் பரவவே, ஜான்களின் மக்கள் என்றென்றைக்கும் ஜோன்ஸ்களாக உறைந்துபோயினர். வேல்ஸ் மொழியின் பழைய நெடுங்கணக்கில் 'ஜே' என்னும் எழுத்தே கிடையாது என்பதையும், அவ்வெழுத்தில் தொடங்கும் பெயரே அந்நாட்டில் முதலிடம் வகிக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்கிறவர்களுக்கு விதியின் விளையாட்டு விளங்கும். ஊரில் எவரைக் கூப்பிட்டாலும் ஜோன்ஸே திரும்பிப் பார்த்தபடியால், பால் ஜோன்ஸ், தபால் ஜோன்ஸ், ரொட்டி ஜோன்ஸ் என்று தொழிலைக் கொண்டு ஆளைப் பிரித்தறிய நேர்ந்தது. ஆளைக் குறிக்கும் சக்தியை இவ்வாறு இழந்த பெயர், வந்த அர்த்தத்தையெல்லாம் ஏற்கச் சித்தமாயிருந்ததில் வியப்பில்லை.

அவ்வாறு வந்த அர்த்தங்களுள் காலத்தால் முற்பட்டது மாலுமிகளுடையது. கடலில் மூழ்கினவன் 'டேவி ஜோன்ஸின் பெட்டி'க்குப் போய்ச் சேர்ந்தான் என்பது பதினெட்டாம் நூற்றாண்டிலேயே கப்பற்காரர் வழக்கு. 1751-இல் ஸ்மாலெட் வெளியிட்ட 'பெரிகிரின் பிக்கிள்' நாவலில், தட்டுப் போன்ற கண்களும், மூன்று வரிசைப் பற்களும், கொம்பும், வாலும், நாசியினின்று கிளம்பும் நீலப் புகையுமாக இந்த டேவி ஜோன்ஸ் தரிசனம் தருகிறான். இவன் மீன் விழுங்கிய யோனா தீர்க்கதரிசியின் திரிபே என்பது ஒரு சாரார் கட்சி. மாலுமிகளை மயக்கிக் கப்பலேற்றிய மதுக்கடைக்காரன் என்பது மற்றொரு சாரார் கட்சி. இரு கட்சியாருக்கும் ஆதாரம் சமமே, அதாவது, இல்லை.

இரண்டாவது அர்த்தம் அண்டைவீட்டாருடையது. 1913-இல் பாப் மோமண்ட் என்னும் அமெரிக்கச் சித்திரக்காரர், அண்டைவீட்டு ஜோன்ஸ் குடும்பத்தின் அந்தஸ்துக்கு ஈடுகொடுக்கப் பிரயாசைப்பட்டு அவதியுறும் மக்கினிஸ் குடும்பத்தைப் பற்றிப் பத்திரிகையில் சித்திரத் தொடர் வரையத் தொடங்கினார். ஏறக்குறைய கால் நூற்றாண்டு நடந்த அத்தொடரில் ஜோன்ஸ் குடும்பத்தார் ஒருமுறையேனும் காட்சியளிக்கவில்லை. நாவலாசிரியை ஈடித் வார்ட்டன் ஜோன்ஸ் குலத்தில் பிறந்தவராதலின், ஹட்ஸன் நதிக்கரையில் அவருடைய அத்தையார் 1853-இல் எழுப்பிய மாளிகையே அயலாரின் வயிற்றெரிச்சலுக்கும் 'ஜோன்ஸுக்கு ஈடுகொடுத்தல்' என்னும் வழக்குக்கும் மூலம் என்று வாதிப்போரும் உளர்.

மூன்றாவது அர்த்தம் தாகம். 1960-களில் அமெரிக்க நகரங்களில் ஹெராயின் பழக்கத்துக்கு ஆட்பட்டோர் தம் அடங்காத வேட்கையை ஜோன்ஸ் என்றனர்; பிற்பாடு காப்பிக்கும் சாக்லேட்டுக்கும் ஏங்குவோரும் அச்சொல்லைக் கைக்கொண்டு அதற்கு வினைத்தன்மையும் கொடுத்துவிட்டனர். நியூயார்க்கின் கிரேட் ஜோன்ஸ் தெருவே இப்பிரயோகத்தின் பிறப்பிடம் என்பர் சிலர். அத்தெருவின் கதையோ அதனினும் ரசமானது. சாமுவேல் ஜோன்ஸ் என்னும் வக்கீல் தம் பெயரையே சூட்டவேண்டும் என்ற நிபந்தனையோடு நிலம் வழங்க, நகரில் அதற்கு முன்னரே அவருடைய மைத்துனர் பெயரால் ஒரு ஜோன்ஸ் தெரு இருந்தமையால், தம்முடையதை மகா ஜோன்ஸ் தெரு ஆக்கிவிடும்படி அவர் யோசனை சொன்னாராம். ஜோன்ஸுக்கு ஜோன்ஸ் ஈடுகொடுத்த முதல் சந்தர்ப்பம் இதுவே போலும்.

இனி எமது சித்தாந்தம். மேற்கூறிய மூன்றும் வெவ்வேறு அர்த்தங்கள் அல்ல; ஒரே ஆத்மாவின் விழிப்பு, கனவு, ஆழ்துயில் என்னும் மூன்று அவஸ்தைகளே. அடுத்த வீட்டில் வந்திறங்கும் மோட்டார் வண்டியைக் கண் கொட்டாமல் பார்ப்பது ஜாக்கிரம். அதையே எண்ணியெண்ணி ஏங்குவது சொப்பனம். வாங்கிய கடனோடு அடியாழத்தில் போய்ப் படுப்பது சுழுத்தி. அயலான், ஆசை, ஆழி என்னும் இம்மூன்றையும் ஒரே பெயரில் அடக்கிய ஆங்கிலம் பேசுவோரின் ஞானத்தை எவ்வளவு மெச்சினும் தகும்.

மூழ்குதல் பதினெட்டாம் நூற்றாண்டிலும், பார்த்தலும் ஏங்குதலும் இருபதாம் நூற்றாண்டிலும் தோன்றியிருக்க, காரியம் காரணத்துக்கு முந்துமோ என்று ஆட்சேபிக்கலாம். முந்தும். சுடுகாட்டுக்கு இடம் ஒதுக்கிவிட்டு ஊரைக் கட்டுவது முன்யோசனையுள்ளவர் செய்கையேயன்றிப் பிழையாகாது. சித்திரத் தொடரில் ஒருநாளும் தலைகாட்டாத ஜோன்ஸை அண்டைவீட்டுக்காரன் என்று எவ்வாறு கொள்வது என்றும் வினவலாம். பார்த்துப் பழகிய அயலானிடம் கடன் தொல்லையும் முதுகு வலியும் உண்டென்று அறிகிறோம், ஆறுதலடைகிறோம். நிர்க்குணனாய், அரூபியாய் நிற்கிறவனிடமன்றோ பரிபூரண ஐசுவரியத்தை ஆரோபிக்க முடிகிறது?

இச்சித்தாந்தத்தை அசைக்கத்தக்க ஆட்சேபம் ஒன்றே உண்டு. 2006-ஆம் ஆண்டில் கார்டிஃப் நகரில் 1,224 ஜோன்ஸ்கள் ஓரிடத்தில் கூடி, ஒரே குடிப்பெயரினர் கூடிய கூட்டத்துக்கான உலக சாதனையை நிலைநாட்டினர். மறு ஆண்டே அயர்லாந்தின் லெட்டர்கென்னியில் காலகர் என்னும் பெயரினர் 1,488 பேர் திரண்டு அதை முறியடித்தனர். ஆகவே ஜோன்ஸ்களுக்கும் இப்போது ஈடுகொடுக்க வேண்டிய அயலார் வாய்த்துவிட்டனர். காலகர் என்ற சொல்லுக்கு அகராதியில் எத்தனை இடம் ஒதுக்குவது என்பதை அகராதிக்காரர்கள் இப்போதே யோசித்துக்கொள்வது உசிதம்.