‘கட்டு’ என்னும் வினையும் சொந்தமாகக் கட்டிய காரும்: ஓர் ஆய்வு

தமிழில் வண்டியை யாரும் ‘செய்வதில்லை’. கரூரில் பேருந்துக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி ‘கட்டுகிறார்கள்’. வீட்டுக்கும் தாலிக்கும் மூட்டைக்கும் உரிய அதே வினைதான் இது. இவ்வினையை அகராதியிலிருந்து இறக்கிச் சென்னைப் புறநகரான சேலையூரிலிருந்து திண்டிவனம் வரை ஓட்டிப் பார்த்தால், சொந்தமாகக் கட்டிய காரில் நெடும்பயணம் போகும் இன்பம் முழுவதும் அதற்குள்ளேயே அடங்கிக் கிடப்பது புலப்படும் என்பதே இங்கு நிறுவப்படும் முடிபு. (கட்டை வண்டியில் உள்ள கட்டை மரக்கட்டையைக் குறிப்பது, அதையும் இக்கணக்கில் சேர்ப்போர் அவசரக்காரர்.)

சொந்தமாகக் கட்டிய கார் எது என்று முதலில் எல்லை வகுத்தாக வேண்டும். இரும்புக் குழாய்களை வெல்டு வைத்து, தகரம் போர்த்தி, ஒருவர் தம் வீட்டு வாசலில் எழுப்புவதே அது என்று கொண்டால் ஆய்வு வாசலிலேயே நின்றுவிடும். ஏனெனில் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், புதிய மாதிரி வண்டி எதுவும் அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் தேறிய பின்பே சாலைக்கு வரலாம் என்கின்றன. அத்தகைய நிலையம் ஒன்று அருகே ஒரகடத்திலேயே இருந்தும் பயனில்லை. காரைச் சுவரில் மோதி உடைத்துப் பார்க்கும் சோதனைக்கு, உள்ளதே ஒரு கார் என்றிருப்பவர் எவ்வாறு இசைவார்? கோயம்புத்தூரின் ஜி. டி. நாயுடு 1952இல் இருவர் அமரும் பெட்ரோல் கார் ஒன்றை உருவாக்கினார் என்றும், அதன் அடக்கவிலை 2,000 ரூபாய்தான் என்றும், அரசு உரிமம் கிடைக்காமையால் உற்பத்தி நின்றுபோயிற்று என்றும் அவர் வாழ்க்கைக் குறிப்புகள் கூறும். நாயுடுவுக்கே இந்நிலை என்றால் சேலையூர் கேம்ப் ரோட்டுக்காரர் எம்மாத்திரம்?

ஆகவே இலக்கணத்தைச் சற்று நெகிழ்த்துவது தவிர்க்க இயலாதது. தொழிற்சாலையிலிருந்து வந்த உறுப்புகளைவிடப் புதுப்பேட்டையிலிருந்து வந்த உறுப்புகள் மிகுந்துவிட்ட காரைச் சொந்தமாகக் கட்டிய கார் எனக் கொள்வதே பொருத்தம். புதுப்பேட்டை என்பது பிரித்துப் போட்ட வண்டிகளின் பாகங்கள் விற்கும் சென்னைக் கடைத்தெரு. இதற்குத் தலைசிறந்த எடுத்துக்காட்டு, சேலையூருக்கு மிக அருகில், வண்டலூர்–பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 1961 முதல் வெளியிட்ட ஹெரால்டு. அதன் உடல் ஒரே வார்ப்பாக இல்லாமல், தனியான அடிச்சட்டத்தின்மேல் போல்ட்டு போட்டு முடுக்கிய துண்டுகளாக அமைந்தமையால், ஒவ்வொன்றாகக் கழற்றி, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, மீண்டும் மாட்டுவது ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவருக்கும் எட்டக்கூடிய தவமாயிற்று. முன்புற மட்கார்டுகளோடு சேர்ந்து பானெட் முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறப்பதால், உரிமையாளர் முன்சக்கரத்தின் மேலேயே அமர்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். பழுது பார்ப்பவருக்கு இருக்கை தந்த கார் உலகில் வேறு எத்தனை உண்டு என்பது தனி ஆய்வுக்குரியது.

சொந்தமாகக் கட்டிய காரில் போகும் நெடும்பயணத்துக்கு முன்னோடி எனத்தக்கது ஜெர்மனியில் நிகழ்ந்தது. கார்ல் பென்ஸ் தம் பட்டறையில் கட்டிய மூன்று சக்கர மோட்டார் வண்டியை, 1888 ஆகஸ்டில், அவரிடம் சொல்லாமலேயே எடுத்துக்கொண்டு, அவர் மனைவி பெர்த்தா பென்ஸ் இரு மகன்களோடு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேலாகப் பயணம் செய்தார். சேலையூருக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட தொலைவும் ஏறத்தாழ இதுவே. எரிபொருளை வழியில் மருந்துக்கடையில் வாங்கினார். அடைத்துக்கொண்ட குழாயைத் தொப்பி ஊசியால் குத்திவிட்டார். தேய்ந்த பிரேக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் அடிக்கச் செய்தார். உலகின் முதல் நெடுந்தூரக் கார்ப்பயணம், கணவரிடம் சொல்லாமல் பிறந்த வீட்டுக்குக் கிளம்பிய பயணமே என்பதைத் தமிழ்நாட்டு மோட்டார் ஆர்வலர்கள் போதிய அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை.

இனி வினைக்கு வருவோம். புறப்பாட்டுக்கு முந்திய இரவில் கட்டப்படுவது கட்டுச்சோறு. புளியும் நல்லெண்ணெயும் கெடாமல் காப்பதால் வழிநடைக்கு உரிய உணவாகப் புளியோதரை நின்றது. டிக்கியில் அதற்கு அடுத்த மரியாதை கட்டுக்கம்பிக்கு உரியது: கட்டடங்களில் முறுக்குக் கம்பிகளைப் பிணைக்கப் பயன்படும் இந்த மெல்லிய கம்பி, அறுந்து தொங்கும் சைலன்சரை ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். தாம்பரம் மேம்பாலம் இறங்கி, பெருங்களத்தூர் நெரிசலில் ஊர்ந்து, சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டும்போது வெயில் ஏறிவிட, எஞ்சின் சூட்டில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே ஆவியாகி வழியை அடைத்துக்கொள்ளும்; மெக்கானிக்குகள் இதை ‘ஏர் லாக்’ என்பர். வண்டி இருமுறை குலுங்கி, ஒரு விக்கல் விக்கி, மதுராந்தகம் ஏரிக்கரைப் பக்கமாக ஓரம் கட்டி நிற்கும். ஓரம் ‘கட்டி’ என்பதைக் கவனிக்க. துண்டை நனைத்துப் பம்பின்மேல் சுற்றிக் கட்டிவிட்டால், செய்ய வேறு ஒன்றுமில்லை. இலைப் பொட்டலம் பிரிகிறது. குழந்தைகள் ஏரியைப் பார்க்கிறார்கள். குளிரூட்டிய புதுக் காரில் போவோருக்கு அந்த ஏரி ஒரு நிமிடக் காட்சி. ஹெரால்டுக்காரருக்கோ முக்கால் மணி நேரம். ஊரில் கோயில் கொண்டுள்ள ஏரி காத்த ராமர் ரேடியேட்டரையும் காப்பார் என்று இந்நேரத்தில் யாரேனும் ஒருவர் சொல்லியே தீருவார்.

இத்தகைய ஏரிக்கரை இன்பம் வாய்க்காத இடத்திலும் வினை தளரவில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் பெட்ரோல் அரிதான யாழ்ப்பாணத்தில், ஆஸ்டின் ஏ40 முதலிய பழைய கார்களுக்குச் சொட்டுப் பெட்ரோல் காட்டி உயிர் கொடுத்து, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அங்கே விளையாட்டுக்கு இடமில்லை. அந்தக் கார் ஓடினால்தான் நோயாளி ஆஸ்பத்திரி போய்ச் சேர்வார். சேலையூர்ப் பயணிகள் தம் கைத்திறன் குறித்துப் பெருமை பேசுமுன் இதை எண்ணிப் பார்க்கலாம்.

துண்டும் கம்பியும் தோற்ற இடத்தில் கயிறு வரும். கட்டி இழுத்தல் எனப்படும் இந்நிலையில் இரு வண்டிகளுக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது என்பது விதி. முன்னால் போகும் லாரியின் பின்பலகையில் எழுதியுள்ள அறிவுரைகளை எழுத்துப்பிழை உட்பட மனப்பாடம் செய்வதற்கு 5 மீட்டர் மிகச் சரியான தொலைவு.

எஞ்சியிருப்பது கட்டுக்கதை. ஊர் திரும்பிய மறுநாள் காலை, ஏரிக்கரையில் நின்ற முக்கால் மணி நேரம் பத்து நிமிடமாகிறது. லாரி கட்டி இழுத்த பகுதி, ஒரு நண்பர் துணைக்கு முன்னால் சென்ற பகுதியாகிறது. வீட்டில் லிட்டருக்கு 10 கிலோமீட்டர் தந்த வண்டி, கேம்ப் ரோடு டீக்கடையை எட்டும்போது 16 தருகிறது.