விளக்கு எரியுது, கேம் ஓடுமா?

கே: கையில் 70 ஆயிரம் இருக்கிறது. ஐ9 பிராசஸர் போட்டுவிட்டு, மிச்சக் காசுக்கு ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கலாம் என்கிறான் நண்பன். செய்யலாமா?
(கல்லூரி மாணவர், நாமக்கல்)

ப: நண்பன் உங்கள் மேல் ஏதோ கோபத்தில் இருக்கிறான். பந்தியில் சமையல்காரர் எட்டுப் பேர், பரிமாற ஒரே ஆள் என்றால் இலை காய்ந்துதான் கிடக்கும். கேமில் படத்தை வரைவது கிராபிக்ஸ் கார்டு. எதிரி எங்கே நிற்கிறான், தோட்டா எந்தப் பக்கம் போகிறது என்ற கணக்கெல்லாம் பிராசஸர் வேலை. அந்தக் கணக்குக்கு ஆறு கோர் தாராளம். ரைசன் 5 5600, ஐ5-12400எஃப் இரண்டுமே ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்தான்.

முதல் வேலையாக மானிட்டரை முடிவு செய்யுங்கள். 1080பி திரையில் சுமார் 20.7 லட்சம் பிக்சல். 4கே என்றால் 83 லட்சம், அதாவது நாலு மடங்கு வேலை. 70 ஆயிரத்துக்கு 4கே ஆசை வேண்டாம். 1080பி-யில் 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் போதும். பட்ஜெட்டில் 40 சதவீதத்தைக் கார்டுக்கு என்று தனியாக எடுத்து வைத்துவிட்டு மற்றதைப் பிரியுங்கள். கார்டில் 8 ஜிபிக்குக் கீழே இறங்க வேண்டாம். ஒரே ஒரு விலக்கு: வேலோரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் இரண்டைத் தவிர வேறெதையும் தொடமாட்டேன் என்றால், கார்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்து பிராசஸரில் போடலாம். அந்த கேம்கள் கார்டைவிட பிராசஸரை நம்பி ஓடுகிறவை.

கே: 12400எஃப் இப்போது வாங்கிவிடுகிறேன். கார்டு, அடுத்த தீபாவளி போனஸில். சரிதானே?
(தனியார் நிறுவன ஊழியர், ஓசூர்)

ப: தீபாவளி வரை கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். கடைசியில் உள்ள அந்த ‘எஃப்’, உள்ளே கிராபிக்ஸ் கிடையாது என்பதற்கான அடையாளம். ரைசன் 5 5600-லும் கிடையாது; 5600ஜி-யில் உண்டு. போனஸ் நிச்சயம் என்றால் எஃப் இல்லாத 12400-ஐ வாங்குங்கள், அதுவரை பழைய கேம்களை ஆடலாம். போனஸ் வரும் என்ற ‘நம்பிக்கை’ மட்டும்தான் என்றாலும் அதையே வாங்குங்கள்.

கே: ஆர்ஜிபி விளக்கு போட்டால் வேகம் கூடுமா?
(பெயர் வேண்டாம், திருப்பூர்)

ப: கூடும். பணம் போகிற வேகம்.

கே: கேபினட் வாங்கினால் 450 வாட் எஸ்எம்பிஎஸ் இலவசம் என்கிறார் ரிச்சி ஸ்ட்ரீட் கடைக்காரர். வாங்கலாமா?
(மருந்துக் கடை உரிமையாளர், வேலூர்)

ப: கடையை விட்டுக் கிளம்பும் முன் அந்தப் பெட்டியின் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் படியுங்கள். 450 என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதன் கீழே, பொடி எழுத்தில் ஒரு கட்டம்: +3.3, +5, +12 என வோல்ட் வரிசை, ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆம்பியர் என்ற கணக்கு. பிராசஸரும் கார்டும் பெரும்பாலும் குடிப்பது 12 வோல்ட் கரன்ட்டைத்தான். அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்குங்கள். 18 ஆம்பியர் என்று போட்டிருந்தால் 216 வாட். மிச்சமெல்லாம் கொட்டை எழுத்துக்காக. நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் 12 வோல்ட் மட்டுமே 500 வாட்டைத் தாண்டும்.

‘ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட், ரைசன் 65 வாட், 216-க்குள் அடங்கிவிட்டதே’ என்று கணக்குச் சொல்லாதீர்கள். அவை நிதானத்தில் இருக்கும்போது சொல்கிற எண்கள். வெடிகுண்டு வெடிக்கிற காட்சியில் கண்ணிமைக்கும் நேரத்துக்கு எகிறும். போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் வேறு பங்கு கேட்கும். எகிறும்போது நல்ல எஸ்எம்பிஎஸ் தாங்கும், முடியாவிட்டால் தானே அணைந்துகொள்ளும். இலவசம் தனியாகப் போகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். இன்னொன்று, ‘80 பிளஸ் பிரான்ஸ்’ முத்திரை கரன்ட்டை எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதற்குத்தான். கட்டுமானத் தரத்துக்கான சான்றிதழ் அல்ல. முத்திரையோடு சேர்த்து வாரன்டி எத்தனை ஆண்டு என்றும் கேளுங்கள். ஐந்தாண்டு கொடுப்பவன் தன் சரக்கை ஓரளவு நம்புகிறான்.

இலவசத்தை வேண்டாம் என்று சொல்லி, கேபினட் விலையில் கழித்துக் கேளுங்கள். கடைக்காரர் முகம் மாறும். பரவாயில்லை.

கே: ஆர்டிஎக்ஸ் 3050-ல் 6 ஜிபி, 8 ஜிபி என இரண்டு இருக்கிறது. வித்தியாசம் 2 ஜிபிதானே?
(ஐ.டி.ஐ. மாணவர், விருதுநகர்)

ப: அப்படி நினைக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஒரே பெயர். 8 ஜிபி கார்டில் 2,560 கோர், 6 ஜிபியில் 2,304. மெமரிக்குப் போகிற பாதையும் 128 பிட்டிலிருந்து 96 பிட்டாகச் சுருங்கிவிட்டது. அது வேறு கார்டு. சட்டை மட்டும் அண்ணனுடையது. இதே வேலையை 2016-ல் ஜிடிஎக்ஸ் 1060-லும் செய்தார்கள். ஆனால் 6 ஜிபிக்கும் ஓர் இடம் உண்டு: 70 வாட்தான், தனி பவர் ஒயர் இல்லாத மாடல்களும் கிடைக்கின்றன. ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய டெஸ்க்டாப்பைக் கேமுக்குத் தயார் செய்கிறவர்களுக்கு அது வரப்பிரசாதம்.

கே: மைனிங்கில் ஓடிய கார்டு பாதி விலைக்கு வருகிறது. துணியலாமா?
(வாசகர், சேலம்)

ப: 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம், கார்டு தேவைப்படாத முறைக்கு மாறிக்கொண்டதும், மைனிங் கார்டுகள் சந்தைக்குக் கூட்டமாக வந்தன. இரவு பகலாக ஓடியதாலேயே சிப் கெட்டிருக்கும் என்பதில்லை. தேய்வது ஃபேன், காய்வது பேஸ்ட். உங்கள் கண்முன் அரை மணி நேரம் கேம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ‘கரன்ட் இல்லை, வீட்டில் ஆள் இல்லை’ என்றால் உங்களுக்கும் வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுங்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டு போங்கள். பழைய சிப்பை வைத்து 1050 டிஐ என்று பெயர் மாற்றி விற்ற கார்டுகளை அது காட்டிக்கொடுத்திருக்கிறது. கார்டில் உள்ள சீரியல் நம்பரும் பில்லில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். பில்லே இல்லையா? அப்போது பாதி விலையும் அதிகம்.

கே: மகன் ‘படிப்புக்கு’ என்று லட்ச ரூபாய் கம்ப்யூட்டர் கேட்கிறான். லிஸ்ட் கொடுத்திருக்கிறான். நம்பலாமா?
(அரசு ஊழியர், தஞ்சாவூர்)

ப: அனிமேஷன், வீடியோ எடிட்டிங், மெஷின் லேர்னிங் படிக்கிற பிள்ளை என்றால் கார்டு கேட்பதில் நியாயம் உண்டு. பி.காம். என்றால், லிஸ்ட்டில் மவுஸ் எத்தனை டிபிஐ என்று பாருங்கள். டேலி போட 26,000 டிபிஐ தேவையில்லை. கரன்ட் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். 300 வாட் இழுத்து தினம் நாலு மணி நேரம் ஓடினால் 1.2 யூனிட், இரண்டு மாத பில்லில் 72 யூனிட். ‘கொஞ்சம் யூனிட் இலவசம்தானேப்பா’ என்பான். அதை ஃப்ரிட்ஜும் ஃபேனும் என்றைக்கோ காலி செய்துவிட்டன.

கே: ராம் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. 16 ஜிபியை ஒரே ஸ்டிக்காக வாங்கவா, 8 வீதம் இரண்டா?
(புகைப்படக் கலைஞர், காரைக்குடி)

ப: இரண்டு. மெமரிக்கு இரட்டைப் பாதை இருக்கும்போது ஒன்றை அடைத்து வைப்பானேன்? விலை ஏறியதற்கு நீங்கள் காரணமில்லை. ஏஐ டேட்டா சென்டர்கள் வாரிக்கொண்டு போனதில் 2025 இறுதியிலிருந்து சில்லறை வாடிக்கையாளர் வயிற்றில் அடி. ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் ஏறும். கை இறுக்கம் என்றால் 2016-ல் வந்த ஏஎம்4 போர்டும் அதில் ஏறும் டிடிஆர்4-ம் இன்னும் மரியாதையாக ஓடும். செகண்ட் ஹேண்டில் அதிகம் பயப்படாமல் வாங்கக்கூடியது ராம்தான். ஒரு ராத்திரி மெம்டெஸ்ட் ஓடவிட்டுப் பாருங்கள்.

கே: எல்லாம் பார்த்துப் பார்த்து அசெம்பிள் செய்தேன். பழைய லேப்டாப் மாதிரியே திக்குகிறது!
(வாசகர், நாகர்கோவில்)

ப: கேபினட்டின் பின்பக்கம் குனியுங்கள். எச்டிஎம்ஐ கேபிள் மேலே, யுஎஸ்பி துளைகளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறதா? அது மதர்போர்டு. கீழே படுக்கைவாட்டில் இருப்பதுதான் காசு கொடுத்து வாங்கிய கார்டு. அங்கே மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் 60 ஹெர்ட்ஸ் இருந்தால் 144 ஆக்குங்கள், அது பெரும்பாலும் தானாக மாறாது. பயாஸில் எக்ஸ்எம்பியையும் ஆன் செய்யுங்கள். இல்லாவிட்டால் 3200 என்று வாங்கிய ராம் 2133-லோ 2400-லோ சோம்பிக் கிடக்கும்.

அப்படியும் திக்கினால் கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியா, வலையா என்று பாருங்கள். கண்ணாடி என்றால் காற்றுக்கு வழியில்லை, சூடேறியதும் பிராசஸர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பக்கக் கதவைத் திறந்துவைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கதவும் கண்ணாடிதான் என்றால், கழற்றி டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்காதீர்கள். டெம்பர்டு கண்ணாடி விளிம்பில் டைல்ஸ் பட்டால் அப்படியே பொடிப்பொடியாகிவிடும். கட்டிலில் படுக்க வையுங்கள்.