கரமனை = 521

கேள்வி: எங்கள் பின்கோடு 695001 பகா எண்ணா சார்? – தம்பானூர் வாசகர்

பதில்: இலக்கங்களைக் கூட்டுங்கள், 21 வரும். அப்போதே 3-ல் வகுபட்டாயிற்று. முழுக்க உடைத்தால் 3 × 19 × 89 × 137. தபால்காரர் காதில் போட்டுவிடாதீர்கள், நாலு இடத்துக்கும் தனித்தனியாகப் போகணுமா என்பார்.

கேள்வி: கரமனைக்கு ராசி எண் உண்டா? – அக்கிரகாரத்துக்காரர், கரமனை

பதில்: ராசி ஜோசியரைக் கேளுங்கள். எண் உண்டு. எண்ணை எழுத்தில் ஒளித்துவைக்கும் கடபயாதி முறை கேரளத்தில் வெகு காலமாகப் புழக்கத்தில் இருந்தது. க, ட, ப, ய நாலுக்கும் 1. அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போகவேண்டும். க 1, ர 2, ம 5, ன (மலையாளத்தில் ந-வும் இதுவும் ஒரே எழுத்து) 0. வலமிருந்து படித்தால் 0521. முன்னால் நிற்கும் பூஜ்யத்தை வழியனுப்பிவிட்டால் 521.

கேள்வி: சரி, 521-ல் என்ன விசேஷம்? – அதே ஆசாமி

பதில்: 23-ன் வர்க்கம் 529. ஆகவே 19 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே போதும், எதிலும் வகுபடவில்லை. 521 பகா எண். இது ஆரம்பம்தான். 521 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழியுங்கள். 157 இலக்கம், 6864 என்று தொடங்கி 57151 என்று முடியும். அதுவும் பகா எண்! 127 இரண்டுகளை வைத்து கணித அறிஞர் லூக்கா இதையே நிரூபித்தது 1876-ல். இப்படி இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் கிடைக்கும் பகா எண்ணுக்கு மெர்சென் பகா எண் என்று பெயர். லூக்காவுடையதைவிடப் பெரிய ஒன்றுக்கு உலகம் 1952 ஜனவரி வரை காத்திருந்தது. ராபின்சன் எழுதிய நிரலை லாஸ் ஏஞ்சலஸில் ஸ்வாக் என்ற கம்ப்யூட்டர் ஓட்டியபோது அகப்பட்டது கரமனை எண்தான். கரமனை ஆற்றங்கரையில் யாரும் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

கேள்வி: தமிழிலும் கடபயாதி எழுதலாமா? – சாலை பஜார் வாசகர்

பதில்: எழுதலாம், பாட முடியாது. மேள ராகங்களின் வரிசை எண்ணும் பெயரிலேயே இப்படித்தான் ஒளிந்திருக்கும். தீரசங்கராபரணத்தின் முதல் இரண்டு எழுத்து 9, 2. திருப்பினால் 29-வது மேளம். நம் 'த' ஒன்றே 6, 7, 8, 9 நாலுக்கும் நிற்கும். 26 சாருகேசி, 27 சரசாங்கி, 28 ஹரிகாம்போஜி. நவராத்திரி மண்டபத்தில் முதல் நாள் சங்கராபரணம். தமிழில் எழுதிக்கொடுத்தால் வித்வான் எதை எடுப்பாரோ!

கேள்வி: அம்பலப்புழை ராஜா கிருஷ்ணனிடம் சதுரங்கத்தில் தோற்றுக் கொடுக்கவேண்டிய அரிசி மொத்தம் எவ்வளவு?

பதில்: முதல் கட்டத்தில் ஒரு மணி வைத்து, கட்டத்துக்குக் கட்டம் இரட்டித்தால் 1,84,46,74,40,73,70,95,51,615 மணி. கடைசியில் 5 இருப்பதால் ஐந்து பேருக்குச் சரியாகப் பிரிக்கலாம். மூன்று பேர், பதினேழு பேர் வந்தாலும் சரி. பலகையில் 521 கட்டம் இருந்திருந்தால் தகராறுதான். பந்தியில் யார் எத்தனை பேர் உட்கார்ந்தாலும் ஒரு மணியாவது மிஞ்சும், கிருஷ்ணன் தனியாகச் சாப்பிட்டால் ஒழிய.